டெக்சாஸில் பள்ளி ஃபுட்பால் பயிற்சியாளராக விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

இக்கட்டுரை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலைப் பற்றியது. உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றியது அன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 லட்சம் மாணவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களைப் பயிற்றுவிப்போரில் மிகப் பெரும்பாலோர் பகலில் வகுப்பெடுத்து, மாலையில் களத்தில் நின்று, இரவில் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பும் ஆசிரியர்கள். டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் சுற்றுவட்டாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியிருக்கும் இக்காலத்தில், அங்கே வளர்ந்து கல்லூரிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் இளைஞர் ஒருவருக்கு இந்தப் பணியின்மேல் நாட்டம் பிறந்தால், அவரும் அவருடைய பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

டெக்சாஸை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே விதிகள் தெளிவாக இருப்பதும் ஊரார் இந்த ஆட்டத்தின்மேல் வைத்திருக்கும் பற்று அளவுகடந்ததாக இருப்பதுமே. டல்லாஸுக்கு வடக்கே உள்ள ஆலன் நகரத்துப் பள்ளிக்காக 2012-ல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரக்கூடிய அரங்கம் திறக்கப்பட்டது. கான்கிரீட்டில் விரிசல் கண்டதால் 2014-ஆம் ஆண்டுப் பருவத்தில் அதை மூடிவைக்க நேர்ந்தது என்பது வேறு கதை. ஒரு பள்ளி அணிக்காக இவ்வளவு செலவிட வரி கட்டுவோரே வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

முதற்படி: ஆசிரியராகுங்கள்

டெக்சாஸின் அரசுப் பள்ளி விளையாட்டுகளை யூ.ஐ.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக் என்ற அமைப்பு நடத்துகிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அணிகளுக்குப் பயிற்சி அளிப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போன்ற சிலருக்கு உள்ள விலக்கு நீங்கலாக, அந்தப் பள்ளி நிர்வாகத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. வேறு பல மாநிலங்களில், வெளியே வேறு வேலை பார்ப்பவர் ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு மாலையில் வந்து பயிற்சி தரலாம். இங்கே அது பெரும்பாலும் இயலாது. ஆகவே நடைமுறையில் உங்களுக்கு வேண்டிய முதல் தகுதி ஆசிரியர் சான்றிதழ்தான்: இளங்கலைப் பட்டம், மாநிலம் ஏற்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்று, பாடவாரியான தகுதித் தேர்வுகள். தனியார் பள்ளிகள் சிலவற்றில் இந்தக் கட்டுப்பாடு தளர்வாக இருக்கும். சம்பளமும் பெரும்பாலும் அதற்கேற்பத் தளர்ந்தே இருக்கும்.

எந்தப் பாடத்தில் சான்றிதழ் பெறுவது என்பதை நன்றாக யோசித்துத் தீர்மானியுங்கள், ஏனெனில் பலரும் சறுக்குவது இங்கேதான். பயிற்சியாளராக விரும்புவோரில் கணிசமானோர் வரலாறு, சமூக அறிவியல் பாடங்களையே தேர்ந்தெடுப்பதால், ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியர் இடம் ஒன்று காலியானால் அதற்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும். கணிதமோ இயற்பியலோ சிறப்புக் கல்வியோ கற்பிக்கத் தெரிந்தவரைத் தலைமையாசிரியரே தேடிக்கொண்டிருப்பார். தலைமைப் பயிற்சியாளர் உங்களைக் கேட்டதும் அவர் மறுக்கமாட்டார். கணிதமும் அறிவியலும் கைவரப்பெற்ற பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய உண்டு என்பதால், இது நமக்கு வாய்த்த அனுகூலம் என்றே சொல்வேன். பிற்காலத்தில் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சியாளராகப் புகழின் உச்சிக்குச் சென்ற வின்ஸ் லொம்பார்டி, 1939-ல் நியூ ஜெர்சியின் செயின்ட் செசிலியா பள்ளியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது லத்தீனும் வேதியியலும் இயற்பியலும் கற்பித்தார். வகுப்பறை பிடிக்காது, களம் மட்டும் போதும் என்று எண்ணுகிறவர் இந்தப் பணிக்கு வராமல் இருப்பது அவருக்கும் மாணவர்களுக்கும் நல்லது.

இரண்டாம் படி: சிறு சான்றிதழ்களும் ஒரு பெரிய ஓட்டுநர் உரிமமும்

முதலுதவி, இதய இயக்க மீட்புப் பயிற்சி, இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவியைக் கையாளும் பயிற்சி ஆகியவை கட்டாயம். மூளையதிர்ச்சி பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரப் பயிற்சி பெற வேண்டும். யூ.ஐ.எல். விதிகள் பற்றிய இணையவழிப் பாடத்தை ஆண்டுதோறும் முடிக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். இவற்றைவிட வேலை வாங்கித் தருவதில் வலிமை வாய்ந்தது, பள்ளிப் பேருந்து ஓட்டுவதற்கான வணிக ஓட்டுநர் உரிமம். வேலை விளம்பரங்களில் அது அடிக்கடி கேட்கப்படுகிறது. கேட்கப்படாத இடத்திலும் உங்களிடம் அது இருப்பது தெரிந்தால் மதிப்பு கூடும்.

மூன்றாம் படி: ஆட்டத்தை ஓரிடத்தில் நின்று ஆழமாகக் கற்றல்

பள்ளியிலோ கல்லூரியிலோ ஆடியிருந்தால் நல்லது. ஆடாதவருக்கும் வழி அடைந்துவிடவில்லை. களத்தின் நீளம் 100 கஜம், இரு முனைகளிலும் புள்ளி எடுக்கும் பகுதி பத்துப் பத்து கஜம், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்ற அளவில் எல்லாருக்கும் தெரியும். பயிற்சியாளருக்கு வேண்டியது, ஒரு நிலையில் ஆடும் மாணவனின் காலடி எங்கே விழ வேண்டும், கை எங்கே பட வேண்டும், கண் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கும் திறன். ஆகையால் ஏதேனும் ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து அதில் தேர்ச்சி பெறுங்கள். என் கருத்தில் புதியவருக்கு ஏற்றது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைக் காத்து நிற்கும் ஆஃபென்ஸிவ் லைன். அங்கே ஐந்து பேர் ஒரே மனத்தோடு அசைய வேண்டியிருப்பதால் கற்பிக்க வேண்டியது மிகுதி. அதைக் கற்பிக்கத் தெரிந்தவரும் குறைவு.

கல்லூரியில் படிக்கும்போதே அங்குள்ள அணியில் மாணவ உதவியாளராகச் சேர முயலுங்கள். 1930-ல் தொடங்கப்பட்ட டெக்சாஸ் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் சங்கம் ஜூலைதோறும் நடத்தும் பெரிய பயிற்சி மாநாட்டுக்குத் தவறாமல் செல்லுங்கள். உரைகளைக் கேட்பதற்கு மட்டுமன்றி, நடைபாதையில் நின்று பேசுவதற்கும் அங்கே போக வேண்டும். தலைமைப் பயிற்சியாளர்கள் தாம் அறிந்தவர்களையும், தம் நண்பர் உத்தரவாதம் தருபவர்களையுமே பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு இந்த வாயில் குறுகலானது, ஆனால் திறக்காதது அன்று: வாஷிங்டன் டி.சி.யின் கூலிட்ஜ் உயர்நிலைப் பள்ளியில் 2010-ல் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட நாட்டலி ராண்டால்ஃப், அங்கேயே அறிவியல் ஆசிரியராக இருந்தவர். பெண்கள் ஃபுட்பால் அணியில் ஆடியவர். வேறொரு பள்ளியில் உதவிப் பயிற்சியாளராகவும் பணியாற்றியவர்.

நான்காம் படி: முதல் வேலை

பருவம் டிசம்பரில் முடிகிறது. அதன் பின் தலைமைப் பயிற்சியாளர்கள் இடம் மாறுவார்கள். மாறியவர் தமக்கு வேண்டிய உதவியாளர்களை வசந்த காலத்தில் தேடுவார். விண்ணப்பங்களை அந்த மாதங்களில் அனுப்புங்கள். முதலில் கிடைப்பது ஏழாம், எட்டாம் வகுப்பு அணியோ, ஒன்பதாம் வகுப்பு அணியோதான். கூடவே சீருடை துவைப்பது, களத்தில் கோடு போடுவது, தலைக்கவசங்களின் திருகாணிகளைச் சரிபார்ப்பது, கடைசிப் பிள்ளையை அவன் தாயார் வந்து அழைத்துப்போகும்வரை வாசலில் காத்திருப்பது ஆகிய வேலைகளும் வரும். இவற்றை முகம் சுளிக்காமல் செய்கிறவரைத்தான் மேலே ஏற்றுவார்கள்.

கீழ் வகுப்பு அணி என்று அதைக் குறைவாக எண்ணிவிடலாகாது. ஓஹையோவின் மாஸிலான் பள்ளியில் 1932 முதல் 1940 வரை பணியாற்றி 80 வெற்றி, 8 தோல்வி, 2 சமன் என்ற கணக்கை விட்டுச்சென்ற பால் பிரவுன், நகரத்தின் நடுநிலைப் பள்ளிகளிலும் தம் முறையையே பின்பற்றச் செய்தார். மேலே வரும் மாணவனுக்கு ஆட்டத்தின் சொற்களும் அசைவுகளும் முன்பே பழகியிருந்ததால், அவனுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குறைந்தது. இன்றைக்கும் நல்ல பள்ளிகள் இவ்வாறே நடக்கின்றன. ஏழாம் வகுப்பில் நீங்கள் கற்பிக்கும் அடியெடுப்புதான் ஐந்து ஆண்டுகள் கழித்து வார்சிட்டி எனப்படும் முதன்மை அணியில் தெரியும்.

சிற்றூருக்குப் போகத் தயங்காதவர் விரைவில் பொறுப்பு பெறுவார். டெக்சாஸில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிகள் 1ஏ முதல் 6ஏ வரை பிரிக்கப்பட்டுள்ளன. மிகச் சிறிய 1ஏ பள்ளிகள் ஆடுவது அறுவர் ஃபுட்பால். 1934-ல் நெப்ராஸ்காவின் ஹெப்ரான் ஊரில் ஸ்டீஃபன் எப்லர் என்ற ஆசிரியர், பதினொருவரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காக இதை உருவாக்கினார். களம் 80 கஜ நீளம், 40 கஜ அகலம். முன்னேற வேண்டியது 15 கஜம். ஆறு பேருமே பந்தைப் பிடிக்கத் தகுதியுடையவர்கள். இரண்டாம் பாதியில் ஓரணி 45 புள்ளிகள் முந்திவிட்டால் ஆட்டம் அத்துடன் முடியும். மேற்கு டெக்சாஸின் பருத்திக் காட்டு ஊர்களில் இத்தகைய பள்ளிகள் நிறைய உள்ளன. அங்கே ஒருவரே மூன்று பாடங்களைக் கற்பித்து, நான்கு விளையாட்டுகளுக்குப் பயிற்சி அளித்து, பேருந்தையும் ஓட்டுவார். பெருநகரப் பள்ளியில் பல ஆண்டு பொறுத்திருந்தாலும் கிடைக்காத அனுபவம் இரண்டே பருவங்களில் அங்கே கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: வாரத்தின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ளுதல்

ஆகஸ்டு முதல் நவம்பர் வரை உங்கள் வாழ்க்கை வெள்ளிக்கிழமையை நடுவாக வைத்துச் சுழலும். சனிக்கிழமை காலையில் மாணவர்கள் வந்து முந்தின இரவு ஆட்டத்தின் பதிவைப் பார்ப்பார்கள். காயம்பட்டவர்களை, அத்லெட்டிக் டிரெய்னர் எனப்படும் விளையாட்டுக் காயச் சிகிச்சையாளர் பரிசோதிப்பார். முற்காலத்தில் அடுத்த எதிரணியின் படச்சுருளைப் பெறுவதற்காக, இரு பள்ளிப் பயிற்சியாளர்களும் பாதிவழி காரோட்டிச் சென்று ஏதேனும் ஓர் ஊரில் சந்தித்து மாற்றிக்கொள்வார்கள். இப்போது ஹட்ல் என்ற இணையச் சேவையில் சில நொடிகளில் அது முடிந்துவிடுகிறது. வேலை அதனால் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். எதிரணியின் ஒவ்வோர் ஆட்ட அசைவையும், எத்தனையாவது முயற்சி, எத்தனை கஜம் மீதம், எந்த அணிவகுப்பு, எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று பிரித்துக் குறிக்கும் பணி முன்பு தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும் இருந்தது. இன்று கடைசி உதவியாளர் வரை எல்லாருடைய ஞாயிற்றுக்கிழமையையும் அது விழுங்குகிறது. புதியவராகிய உங்கள் கையில் அதுதான் முதலில் திணிக்கப்படும். அதைப் பிழையின்றிச் செய்யுங்கள். எதிரணி மூன்றாம் முயற்சியில் என்ன செய்யும் என்பதைக் கேட்டதும் சொல்லக்கூடியவரை, வயதைப் பாராமல் கூட்டத்தில் பேச விடுவார்கள்.

திங்கள் எதிரணியைப் பற்றிய விளக்கமும் இலகுவான பயிற்சியும். செவ்வாயும் புதனும் கடும் பயிற்சி. வியாழன் ஒத்திகை நடையும் கீழ் அணிகளின் ஆட்டங்களும். இதற்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு. பள்ளி வேளைக்குள் வரும் விளையாட்டுப் பாடவேளையைத் தவிர்த்து, பள்ளி வாரத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. ஒருவரையொருவர் முழு விசையோடு மோதி வீழ்த்தும் பயிற்சி, ஒரு மாணவருக்கு வாரத்துக்கு 90 நிமிடங்களுக்கு மேல் கூடாது. ஆகவே நல்ல பயிற்சியாளரின் தாளில் பயிற்சி ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு மாணவன் ஒரு துண்டில் சும்மா நின்றால், அது பயிற்சியாளரின் குறை என்றே கொள்ளப்படும்.

ஆறாம் படி: உயிர் சம்பந்தப்பட்டவை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பயிற்சி தொடங்கும் ஆகஸ்டு மாதம் டெக்சாஸில் கொடும் வெயிற்காலம். முதல் ஐந்து நாள்களை உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கென்றே விதி ஒதுக்கியிருக்கிறது. தலைக்கவசத்தில் தொடங்கி, தோள்கவசத்தைச் சேர்த்து, அதன் பின்னரே முழுக் கவசம். ஒரு மாணவன் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மயங்கி விழுந்தாலோ அதை வெப்பவாதம் என்றே முதலில் ஐயுற வேண்டும். பனிக்கட்டி மிதக்கும் நீர்த்தொட்டி பயிற்சி தொடங்கும் முன்பே களத்தோரம் நிரம்பியிருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கவசங்களைக் கழற்றி அவனைக் கழுத்தளவு நீரில் அமிழ்த்த வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகே கொண்டுசெல்வது என்பது மருத்துவர்கள் வகுத்த வரிசை. உடலின் உள்வெப்பம் முதல் அரைமணி நேரத்துக்குள் இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

2008-ல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஆகஸ்டுப் பயிற்சியின்போது 15 வயது மாணவர் ஒருவர் மயங்கி விழுந்து, சில நாள்களில் இறந்தார். அவருடைய தலைமைப் பயிற்சியாளர்மேல் குற்றவழக்கு தொடரப்பட்டது. மறு ஆண்டில் நீதிமன்றத்தின் ஜூரி குழு அவரை விடுவித்தது. தீர்ப்பு எதுவாயினும், தண்டனையாக ஓடவிடும் பழைய வழக்கத்துக்கு இன்றைய பயிற்சிக் களத்தில் இடமில்லை என்பதை அந்த வழக்கு நாடெங்கும் உணர்த்தியது.

மூளையதிர்ச்சி விஷயத்தில் டெக்சாஸின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்று தோன்றினாலே மாணவனை வெளியேற்ற வேண்டும். அன்று அவன் திரும்பக் களமிறங்க முடியாது. மருத்துவரின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் படிப்படியான மீள்பயிற்சியும் வேண்டும். அவன் திரும்பலாம் என்று அனுமதிக்கும் அதிகாரம் பயிற்சியாளருக்கு இல்லை. இந்தக் கடைசி வரியை ஒரு சலுகையாகவே கருதுங்கள். இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரத்தில் தந்தையாரே வந்து "என் மகன் நன்றாகத்தான் இருக்கிறான்" என்று வற்புறுத்தும்போது, முடிவு உங்கள் கையில் இல்லை என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அப்போது விளங்கும்.

ஏழாம் படி: மதிப்பெண், பெற்றோர், ஊர்

"தேர்ச்சி இல்லையேல் ஆட்டம் இல்லை" என்ற விதி டெக்சாஸில் 1984-ல் சட்டமாயிற்று. ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போன மாணவர் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் ஆட முடியாது. பயிற்சிக்கு மட்டும் வரலாம். இதனால் பயிற்சியாளர் தம் மாணவர்கள் எல்லாருடைய மதிப்பெண்களையும் வாராவாரம் பார்த்தாக வேண்டும். நீங்களே ஒரு பாட ஆசிரியர் என்பதால், உங்கள் வகுப்பில் உங்கள் அணியின் நட்சத்திர வீரர் 68 எடுக்கும் நாளும் வரும். அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்பதை வேலைக்குச் சேரும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நலம்.

பெற்றோரோடு வரும் பிணக்குகளில் பெரும்பாலானவை, தம் பிள்ளையை ஏன் களமிறக்கவில்லை என்பதைப் பற்றியவை. பருவத் தொடக்கத்திலேயே ஒரு கூட்டம் நடத்தி, எதைப் பற்றிப் பேச வரலாம், எதைப் பற்றிப் பேச மாட்டீர்கள், ஆட்டம் முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து வர வேண்டும் என்பவற்றை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக உதவித்தொகை பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: பள்ளியில் ஆடுவோரில் கல்லூரி அணிகளில் ஏதேனும் ஒன்றில் ஆடப்போவோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே. பூஸ்டர் கிளப் எனப்படும் ஆதரவாளர் சங்கம் பணம் திரட்டித் தருமே தவிர, யார் ஆட வேண்டும், யார் பயிற்றுவிக்க வேண்டும் என்பதில் அதற்குச் சொல்லுரிமை கிடையாது. இது விதி, மளிகைக் கடையில் உங்களை நிறுத்தி அறிவுரை சொல்வோரை எந்த விதியும் தடுக்காது.

எட்டாம் படி: மேலே போவதா, நிலைத்திருப்பதா

உதவிப் பயிற்சியாளரிலிருந்து தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ பொறுப்பான கோஆர்டினேட்டர், அதிலிருந்து தலைமைப் பயிற்சியாளர் என்பதே வழக்கமான ஏணி. கல்லூரிக்கு ஏறிப்போனவர்களும் உண்டு. பிரெக்கன்ரிட்ஜ், சான் ஏஞ்சலோ ஊர்களின் பள்ளிகளுக்கு மாநிலப் பட்டம் வென்று தந்த எமரி பெல்லார்ட், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1968-ல் விஷ்போன் என்ற ஆட்ட அமைப்பை உருவாக்கினார். ஆனால் பள்ளியிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் தாழ்ந்தவர்கள் அல்லர். 1960-ல் பிரவுன்வுட் ஊருக்கு வந்த கார்டன் வுட், அங்கே ஏழு மாநிலப் பட்டங்களை வென்றார். முன்பு ஸ்டாம்ஃபோர்டில் வென்ற இரண்டையும் சேர்த்தால் ஒன்பது. தெற்குக் கரோலினாவின் சம்மர்வில் பள்ளியில் ஜான் மெக்கிசிக் 1952 முதல் 2014 வரை ஒரே பதவியில் இருந்து 621 வெற்றிகளைக் கண்டார். பேரன்மாரின் தலைமுறைக்கும் அதே களத்தில் அவரே பயிற்சியளித்தார்.

டெக்சாஸின் பெரிய பள்ளிகளில் தலைமைப் பயிற்சியாளர் பெரும்பாலும் பள்ளியின் எல்லா விளையாட்டுகளுக்கும் ஒருங்கிணைப்பாளராகவும் இருப்பார், வகுப்பெடுக்க மாட்டார், ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது அங்கே அரிதன்று. அந்தப் பதவிக்கு நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால், நீங்களும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? நடுநிலைப் பள்ளிப் பயிற்சியாளர்கள் உங்களுக்குக் கட்டுப்பட்டவர்களா? அத்லெட்டிக் டிரெய்னர் எத்தனை பேர்? சென்ற பத்தாண்டுகளில் எத்தனை தலைமைப் பயிற்சியாளர்கள் இங்கே மாறினார்கள்? அடுத்த மறுபகுப்பில் பள்ளி எந்தப் பிரிவுக்குப் போகக்கூடும்? யூ.ஐ.எல். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிகளை மாற்றி அடுக்குவதால், 5ஏ-இல் வென்றுகொண்டிருந்த அணி 6ஏ-இல் மிகச் சிறிய பள்ளியாகப் போய்ச் சிக்கிக்கொள்வதுண்டு.

ஒப்பந்தத்தில் ஓர் இடத்தை மட்டும் கூர்ந்து படியுங்கள். டெக்சாஸில் பெரும்பாலும் ஆசிரியர் பணியும் பயிற்சியாளர் பொறுப்பும் ஒரே ஒப்பந்தத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். பயிற்சியை மட்டும் விட்டுவிட்டு வகுப்பறையில் தொடர்கிறேன் என்று நீங்களாகச் சொல்ல இயலாது. நிர்வாகமோ உங்களைப் பயிற்சியிலிருந்து விலக்கி வேறு பணிக்கு மாற்ற இயலும். சாதாரண ஆசிரியருக்கு ஆண்டுக்கு 187 வேலைநாள் என்றால் பயிற்சியாளருக்கு அதைவிடக் கூடுதலாக எழுதப்பட்டிருக்கும். அந்தக் கூடுதல் நாள்களுக்கு நாட்சம்பளக் கணக்கில் பணம் வருகிறதா, தனி ஊக்கத்தொகைக்குள் அவை அடங்கிவிடுகின்றனவா என்பதைக் கையெழுத்திடும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.